சபைக்கு முந்திப்போன மரக்குறடு

நீர்மங்கலத்து ராஜா வீரகேச பூபதி ஆற்றின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் அணை கட்டினார். கட்டியது அவர். அதைப் பற்றி அளந்தது மாசிலாமணி.

மாசிலாமணி அரசவை விகடகவி. வாய்க்குக் குறைவில்லை, வேளைக்கு வருகிற வழக்கம் மட்டும் கிடையாது. அணைத் திறப்பு விழாவில் பாயசம் குடித்த தெம்பில், "மன்னா! தாங்கள் ஆணையிட்டால் படகுகூட அணை ஏறி வரும்!" என்று ஒரு போடு போட்டான். சபை ஆரவாரம் செய்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது?

மூன்று மாதத்தில் ராஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், அதே ஆறு கடலில் சேரும் நாட்டு இளவரசி. அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் பிறந்த வீட்டுப் படித்துறையில் படகேறினால், புகுந்த வீட்டுப் படித்துறையில்தான் இறங்க வேண்டும். நடுவில் அவள் கால் தரையில் படக்கூடாது. படகும் தண்ணீரை விட்டு எழக்கூடாது. நீர்மங்கலத்து அரண்மனையோ அணைக்கு மேலே இருந்தது.

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "அணையை இடித்துவிடலாமா?"

"இடித்தால் நாட்டு நெல்லெல்லாம் கருகிவிடும் மகாராஜா" என்றார் மந்திரி சங்கரநயினார். அவருடைய வாத்து நடையை மாசிலாமணி ஒருமுறை சபையில் நடந்து காட்டியிருந்தான். அன்றிலிருந்து அவருக்கு இவனைக் கண்டால் ஆகாது. "இடிப்பானேன்? படகு அணை ஏறி வரும் என்று மாசிலாமணி சபையறியச் சொல்லியிருக்கிறானே!"

ராஜா நிமிர்ந்தார். "ஆமாம், சொன்னான்! மாசிலாமணி, உனக்கு நாற்பத்தைந்து நாள். படகு ஏறினால் கேட்டதைத் தருவேன். ஏறாவிட்டால் கழுதை மேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து நாட்டைவிட்டே அனுப்புவேன்."

"மன்னா, அந்தக் கழுதை என்ன பாவம் செய்தது?"

யாரும் சிரிக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆறு நாள் அணைக்கரையில் உட்கார்ந்து யோசித்தான். வந்ததெல்லாம் கொட்டாவி. "என்னைப் புத்திசாலி என்று ஊர் சொன்னது. அதை நானும் நம்பினேன் பார்!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஏழாம் நாள் சபைக்கு வழக்கம்போலத் தாமதம். கோட்டை வாசலுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கதவுகள், நடுவில் சுவர் சூழ்ந்த கல்முற்றம். ஒரு கதவைச் சாத்தாமல் இன்னொன்றைத் திறக்கக்கூடாது. இரண்டும் ஒருசேரத் திறந்தால் எதிரி ஓடி நுழைந்துவிடுவானாம். சபை கூடிய பிறகு வருகிறவன் அடுத்த மணி அடிக்கும்வரை நடுவில் நிற்க வேண்டியதுதான். அங்கே நின்ற அனுபவத்தில் மாசிலாமணியை மிஞ்ச நாட்டில் ஆளில்லை.

அன்று மழை கொட்டியது. முற்றத்துத் தண்ணீர் போகும் துவாரத்தைச் சருகு அடைத்திருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது.

"சங்கிலி! கதவைத் திறடா, முழுகப்போகிறேன்!" என்று வாயிற்காவலனைப் பார்த்துக் கத்தினான்.

"மணி அடிக்கட்டும் சாமி" என்றது மதில் மேலிருந்து ஒரு குரல். "அதுக்கு முன்னாடி திறந்தா என் தலை போயிடும்."

ஒருவழியாக மணி அடித்தது. உள்கதவு திறந்தது. அந்த வாசற்படி முற்றத்தைவிட முழங்கால் உயரம். மாசிலாமணி காலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த மரக்குறடு மிதந்து வந்து, படியைத் தாண்டி, மெதுவாக உள்ளே போனது.

சங்கிலி விழுந்து விழுந்து சிரித்தான். "உங்களுக்கு முந்தி உங்க குறடு சபைக்குப் போகுது சாமி!"

மாசிலாமணி சிரிக்கவில்லை. "அதைப் படிமேல் தூக்கிவிட்டது யார்?"

"யாரு தூக்கணும்? தண்ணி ஏறிச்சு, அதுவும் ஏறிச்சு."

"அடடா! என் குறட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்று வெறுங்காலோடு அணைக்கு ஓடினான்.

அணையின் ஓரமாக, ஒரு படகு நிற்கும் அளவுக்குக் கல்தொட்டி எழும்பியது. கீழே ஆற்றைப் பார்த்து ஒரு கதவு. மேலே அணைநீரைப் பார்த்து ஒரு கதவு. இடுக்கெல்லாம் தேங்காய்நாரும் மெழுகும். மேல்கதவில் தண்ணீர் விட ஒரு சிறிய திறப்பு. படகு வரும் நாளுக்கு மட்டும் அந்தக் கதவுகளுக்குக் காவல் சங்கிலிதான். இரண்டையும் ஒருசேரத் திறக்காத கை அவனுடையது.

இளவரசியின் படகு வந்தது. கீழ்க்கதவு வழியாகத் தொட்டிக்குள் நுழைந்தது. சங்கிலி கதவைச் சாத்தினான்.

"ஐயோ மகாராஜா!" என்று மந்திரி அலறினார். "மணப்பெண்ணைக் கிணற்றுக்குள் அடைத்துவிட்டான்!"

ராஜா துள்ளி எழுந்தார். "எங்கே அந்தக் கழுதை?"

மாசிலாமணி அணை விளிம்புக்கு ஓடினான். குறடு ஏறியதை நம்பி ஒரு ராஜகுமாரியை உள்ளே விட்டிருக்கிறோமே என்று இருந்தது அவனுக்கு. "சங்கிலி, தண்ணீரை விடு!" என்று கத்தினான்.

திறப்பு வழியே தண்ணீர் இறங்கியது. தொட்டி நிறைய நிறைய, முதலில் படகின் கொடி தெரிந்தது. பிறகு விதானம். பிறகு, பயம் தெளிந்து சிரித்த இளவரசியின் முகம். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமானதும் மேல்கதவு திறந்தது. படகு சாவகாசமாக அரண்மனைப் படித்துறைக்குப் போனது.

ராஜா மாசிலாமணியைக் கட்டிக்கொண்டார். "இது எப்படியடா உனக்குத் தோன்றியது?"

"நேரத்துக்குச் சபைக்கு வந்திருந்தால் தோன்றியே இருக்காது மன்னா. கோட்டைக் கதவுகளுக்கு நடுவே நின்றபோது வந்தது."

"என்ன வேண்டும், கேள்!"

"சங்கிலிக்கு ஒரு தங்கக் காப்பு. எனக்கு ஒரு ஜோடி குறடு. பழையது சபைக்குள் போனது, திரும்பவே இல்லை."

கல்யாணம் முடிந்து சபை கூடும் நாள் வந்தது. ராஜா வந்து பார்த்தால் ஆசனமெல்லாம் காலி.

"சங்கிலி! எங்கே எல்லாரும்?"

"ரெண்டு கதவுக்கு நடுவுல நிக்கிறாங்க மகாராஜா. வேணும்னே தாமதமா வந்தாங்க. திறந்துவிட்டாலும் உள்ள வரமாட்டேங்கிறாங்க. யோசனை வரணுமாம்."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பினால், மூலையில் ஓர் ஆசனத்தில் மாசிலாமணி உட்கார்ந்திருக்கிறான்!

"அதிசயமாக இருக்கிறதே! நீ மட்டும் எப்படி நேரத்துக்கு வந்தாய்?"

"நான் வழக்கமாக நிற்கிற இடத்தை மந்திரியார் பிடித்துக்கொண்டார், மன்னா" என்றான் மாசிலாமணி. "மனுஷன் வேறு எங்கேதான் போவான்?"