வாய் இல்லாத மூன்று சாட்சிகள்

முன்னொரு காலத்திலே, மேகத்துக்கும் மேலே, வெண்கோடு என்றொரு மலைநாடு இருந்தது. அங்கே உச்சியிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கி, பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கிடந்த உறைபனிமேல் அரசவை மந்திரவாதி காரகேதுவுக்குப் பேராசை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைச் சுருட்டித் தன் செப்புக்குடத்தில் போட்டுக்கொண்டான். திருட்டு தெரியாமலிருக்க ஊரார்மேல் மறதிப்பொடியை ஊதினான். பனி மலையுச்சியில் மட்டும் மிஞ்சியது. "என்றும் அங்கேதான்!" என்றார்கள் ஜனங்கள். ஓடை வற்றியது. "என்றும் இப்படித்தான்!" என்றார்கள். என்ன சமர்த்து, பாருங்கள்!

ஆடு மேய்க்கும் வஞ்சியும் அப்படியேதான் சொன்னாள். அவள் தங்கை குயிலி அப்போது புருஷன் ஊரில் இருந்ததால் பொடிக்குத் தப்பினாள். திரும்பி வந்தவள், "ஐயோ, அக்கா வீட்டு வாசல் வரைக்கும் இருந்த பனி எங்கே?" என்று அலறினாள். அரசன் அவளைப் பொய்க்காரி என்று சிறையில் அடைத்தான்.

"மூன்று சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் நாளை அவளைக் கணவாய்க்கு அப்பால் துரத்துவேன்" என்றான். அங்கே போனவர் யாரும் மீண்டதில்லை.

"உனக்குமா ஞாபகமில்லே, அக்கா?" என்று குயிலி கம்பிக்குப் பின்னால் அழுதாள்.

"இல்லைடி. ஆனா நீ பொய் சொல்ல மாட்டே. சாட்சியோட வர்றேன்."

ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. ஆனாலும் வஞ்சி விடவில்லை. ஆடு காணாமல் போனால் அவள் ஆளைக் கேட்கமாட்டாள், தரையைத்தான் பார்ப்பாள். அன்றும் தரையைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தாக்கில் ஏறி, உச்சியில் மிஞ்சிய பனி தரையில் விடும் தடத்தையும் பார்த்து வந்தாள்.

மறுநாள் அரசனை அங்கேயே அழைத்துப் போனாள். செப்புக்குடத்தை இடுக்கிக்கொண்டு காரகேதுவும் கூடவே வந்தான். கீழே பாறை முழுக்க ஒரே திசையில் நேர்க்கீறல்கள்.

"முதல் சாட்சி, ராஜா!"

"வெள்ளம் கீறியது!" என்றான் காரகேது.

"வெள்ளம் பாறையை வழவழப்பாக்கும், சாமி. கல்லை அடியில் பதித்துக்கொண்டு பனி இழுத்த கோடு இது."

அந்தப் பொய் உடைந்ததும் குடத்தில் விரிசல் விட்டது.

கருங்கல் பள்ளத்தாக்கின் நடுவே தனியாக ஒரு சிவப்புப் பாறை. சிவப்புக்கல் மலையுச்சியில் மட்டும்தான் உண்டு.

"இரண்டாம் சாட்சி, ராஜா!"

"வெள்ளம் உருட்டியது!"

"உருண்டிருந்தால் முனை மழுங்கியிருக்குமே? தொட்டுப் பாருங்கள். பனி சுமந்து வந்து இறக்கியது."

குடத்தில் இன்னொரு விரிசல். கடைசியில், வஞ்சி வீட்டு வாசலுக்கு எதிரே பிறைபோல வளைந்த மேடு.

"மூன்றாம் சாட்சி, ராஜா!"

"வெள்ளம்... வெள்ளம்தான்..."

வஞ்சி மண்வெட்டியால் மேட்டைப் பிளந்தாள். "வெள்ளம் மணலை வேறாக, கல்லை வேறாகப் பிரித்துப் போடும். இங்கே சேறும் பாறையும் கலந்து கிடக்கிறது. பனி தள்ளிக் குவித்த வரப்பு இது. இதுவரைக்கும் பனி இருந்தது!"

அரசன் மேட்டில் கைவைத்து, "ஆமாம், இருந்தது" என்றான்.

படாரென்று குடம் வெடித்தது! பனி உறுமிக்கொண்டு பள்ளத்தாக்கை நிறைத்து, மேட்டருகே வந்து நின்றது. ஓடை சலசலத்தது. காரகேது எடுத்த ஓட்டம் கணவாய்க்கு அப்பால்தான் நின்றது. ஊருக்கெல்லாம் நினைவு திரும்பியது. அரசன் தன் கையாலேயே சிறையைத் திறந்தான்.

குயிலி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமே ஞாபகமில்லாமலா எனக்காக நின்னே?"

"பனியைத்தானேடி மறந்தேன்" என்றாள் வஞ்சி. "உன்னையில்லையே."