பாறைக்காக வந்தவள்

செண்பகவல்லிக்கு முனைவர் பட்டம் படிக்க மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது.

ஒன்று பெருநகரத்தில். வேதியியலுக்குப் பெயர் போன இடம். இன்னொன்று கடலோரத்தில், அவளுடைய ஊரான கோவில்பட்டியிலிருந்து ஒரே பஸ். மூன்றாவது வடக்கே, கற்குன்றுகள் சூழ்ந்த ஒரு சின்ன ஊருக்கு வெளியே. நூலகம் மழைக்கு ஒழுகும் என்று அங்கே படித்தவர்களே சொன்னார்கள்.

அவள் மூன்றாவதை எடுத்துக்கொண்டாள். விடுதி வாசலிலிருந்து பாறைக்குச் சைக்கிளில் பதினோரு நிமிடம். நேர்காணலுக்கு அழைத்துக் கடிதம் வந்த அன்றே வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது. ஓசூரில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். உடன் வேலை பார்த்த ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாறை ஏறக் கூட்டிப் போனாள். முப்பதடி உயரத்தில், விரல் நுனி மட்டும் நுழையும் ஒரு வெடிப்பைப் பிடித்து நின்றபோது, தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பேச்செல்லாம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும் அங்கே பாறை உண்டா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

இதை வெளியே சொல்ல முடியுமா? அம்மா கேட்டபோது, "அங்கதான்மா நல்ல மேடம் இருக்காங்க" என்றாள்.

அந்த மேடமும் முன்பு நேர்காணலில் இதையே கேட்டிருந்தார். அவர் பெயர் பௌசியா.

"பெரிய இடத்தையெல்லாம் விட்டுட்டு ஏன் இங்க வர்றீங்க?"

"உங்க ஆராய்ச்சிக்காக மேடம். இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல குடிதண்ணியில ஃபுளோரைடு அதிகம். அதுல வேலை செய்யணும்னு ஆசை."

முந்தின நாள் பஸ்ஸில் படித்து மனப்பாடம் செய்தது. பௌசியா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பௌசியாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். குறைவாகப் பேசுவார். ஊர் ஊராகப் போய் அடிபம்புகளில் தண்ணீர் எடுத்து வந்து சோதிப்பதே அவர் வேலை. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குள் இருந்தால் பம்பின் கைப்பிடியில் பச்சை பெயிண்ட். தாண்டினால் சிவப்பு. சிவப்புத் தண்ணீரையே வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல் பழுப்பேறிவிடும். முழங்கால் வளைந்துவிடும்.

செண்பகம் காலையில் பாறைக்குப் போவாள், பிறகு பம்புகளுக்கு. முதல் வருடம் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் போயிற்று.

ஐப்பசியில் மூன்று நாள் மழை பெய்து நின்றது. நான்காம் நாள் பாறை கழுவிவிட்டாற்போல் இருந்தது. குளிர்ந்த காற்று. இப்படிப்பட்ட நாளில்தான் கை வழுக்காது. வெளியூரிலிருந்து பாறை ஏறுகிறவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான்கு மணிக்கு வந்துவிடுவதாக அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

அன்று பதினெட்டுப் பம்புகள். பதினேழாவதை முடிக்கும்போது மணி மூன்றேகால். பதினெட்டாவது பொன்னன்கொட்டாயில், இன்னும் ஆறு கிலோமீட்டர், சேற்றுப் பாதை.

அவள் பதினேழாவது பம்பிலேயே இன்னொரு பாட்டிலையும் நிரப்பினாள். அதன்மேல் பதினெட்டு என்று எழுதினாள்.

நான்கு மணிக்குப் பாறையில் இருந்தாள். அன்று மிக நன்றாக ஏறினாள்.

சோதனை முடிவுகள் வந்தபோது பௌசியா கேட்டார்.

"பதினேழும் பதினெட்டும் ஒரே மாதிரி இருக்கே?"

"ரெண்டுக்கும் அடியில ஒரே பாறைத்தட்டு மேடம்."

"ம்" என்றார் பௌசியா. பொன்னன்கொட்டாய் பம்புக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கப்பட்டது.

ஏழு மாதம் கழித்து மறுசுற்று வந்தது. இந்த முறை செண்பகம் பொன்னன்கொட்டாய்க்குப் போனாள். பம்படியில் ஒரு பெண் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர் மாதம்மாள். செண்பகத்தின் கையில் பாட்டில்களைப் பார்த்ததும் ஆள் யாரென்று புரிந்துகொண்டாள்.

"காலேஜிலிருந்து வர்றீங்களாம்மா? நீங்க பச்சை அடிச்சதிலிருந்து எங்களுக்கு நடை மிச்சம்."

"முன்னாடி இந்தத் தண்ணி குடிக்கலையா?"

"எங்க குடிச்சோம்? எங்க மாமியாருக்கு இதைக் குடிச்சுத்தான் கால் வளைஞ்சுதுன்னு ஊருக்குள்ள பேச்சு. பக்கத்து ஊர் கிணத்துலதான் போய்த் தூக்கிட்டு வருவோம். அப்புறம் படிச்சவங்க நீங்களே நல்ல தண்ணின்னுட்டீங்க. எம் மருமவ உண்டாயிருக்கா. அவ அவ்வளவு தூரம் நடக்க வேணாமே."

மாதம்மாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். செண்பகம் அதை முழுவதும் குடித்தாள். குடிக்காமல் திருப்பிக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலையே சோதித்தாள். நாலு புள்ளி இரண்டு. திரும்பவும் சோதித்தாள். அதே நாலு புள்ளி இரண்டு.

மறுநாள் காலை பௌசியாவின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். மழையைப் பற்றியும் நான்கு மணியைப் பற்றியும் சொன்னாள். ஒன்றைச் சொன்னதும் அதற்கு முந்தினதையும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நேர்காணல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"நான் தண்ணிக்காக வரலை மேடம். உங்களுக்காகவும் வரலை. பாறை பக்கத்துல இருக்குன்னு வந்தேன்."

பௌசியா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வா."

வழியில் கடையில் நிறுத்தி ஒரு டப்பா சிவப்பு பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகத்தின் மடியில் வைத்தார்.

பொன்னன்கொட்டாய்ப் பம்படியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். மாதம்மாளும் இருந்தாள். பௌசியா வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார். அவர் பேசுவார் என்று செண்பகம் காத்திருந்தாள்.

"சொல்லு" என்றார் பௌசியா.

செண்பகம் சொன்னாள். தண்ணீர் கெட்டது என்று முதலில் சொன்னாள். தண்ணீர் ஏதோ இப்போதுதான் கெட்டுப்போனது போல அது ஒலித்தது. பௌசியா முன்னால் வரவில்லை. திரும்ப ஆரம்பித்தாள். அன்றைக்குத் தான் இங்கே வரவேயில்லை என்றாள்.

"வராமலேயா எழுதினே?" என்றாள் மாதம்மாள்.

"ஆமா."

"ஏன் வரலை? உடம்பு சரியில்லையா?"

செண்பகத்துக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்கள் நம்பியிருப்பார்கள், பாவம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

"பாறை ஏறப் போயிட்டேன்."

"எதுக்கு?"

"சும்மா. ஏறுறதுக்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. ஒருத்தி குடத்திலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். அது ஓடி வந்து செண்பகத்தின் செருப்பை நனைத்தது.

மாதம்மாள் பௌசியாவிடம் கேட்டாள்.

"ஏங்க, நீங்க பெரியவங்கதானே. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். சந்தேகம் வந்துச்சு. மறுபடி போய் எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

மாதம்மாள் மருமகளை ஒரு முறை பார்த்தாள். ஆறு மாத வயிறு. எதிரே வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது அந்தப் பெண். பிறகு மாதம்மாள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் வழியே நடந்தாள். மற்றவர்களும் போனார்கள்.

செண்பகம் உட்கார்ந்து பம்பின் கைப்பிடிக்குச் சிவப்பு அடித்தாள். பெயிண்ட் விரலெல்லாம் ஒட்டியது. அடியில் பச்சை தெரிந்துகொண்டேயிருந்தது. இரண்டாம் பூச்சும் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் பௌசியா வண்டியை நிறுத்தினார். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"நான் போயிடறேன் மேடம்" என்றாள் செண்பகம். "என் பேரை எடுத்துடுங்க. தண்ணிக்காகவே வர்ற யாரையாவது எடுத்துக்கோங்க."

"தண்ணிக்காகன்னு சொல்லி மூணு பேர் வந்தாங்க. உனக்கு முன்னாடி."

"அவங்க எங்கே?"

"ஒருத்தர்கூட ஒரு வருஷம் தாண்டலை. நல்ல இடம் கிடைச்சதும் போயிட்டாங்க. அவங்க பொய் சொல்லலை. உண்மையாவே தண்ணிக்காகத்தான் வந்தாங்க."

செண்பகம் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"நேர்காணல்ல நீ கடுதாசி நீட்டினப்ப உன் விரலைப் பார்த்தேன்" என்றார் பௌசியா. "நுனியெல்லாம் காய்ப்பு. அந்தக் குன்றுக்கு வர்றவங்க கை எனக்குத் தெரியும். நம்ம வாசல் கடையில டீ குடிப்பாங்க."

"தெரிஞ்சேவா எடுத்தீங்க?"

"தெரிஞ்சுதான். பாறை எங்கயும் போகாது. அதுக்காக வந்தவளும் போகமாட்டான்னு நினைச்சேன்."

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். தான் ஏமாற்றியதாக நினைத்திருந்தவர் தன்னைத் தெரிந்தே நம்பியிருக்கிறார். ஏமாந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பௌசியா அந்த வருடத்து அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். காரணத்தையும் எழுதினார். கீழே இருவரும் கையெழுத்திட்டார்கள். துறையில் பேச்சானது. அவருக்கு வரவிருந்த ஒரு பெரிய பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. செண்பகத்துக்கு ஒரு வருட உழைப்பு இல்லாமல் போயிற்று. எல்லாப் பம்புகளிலும் திரும்பவும் தண்ணீர் எடுக்க வேண்டும். பொன்னன்கொட்டாய்க்கு மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் போகவேண்டும் என்றார் பௌசியா. பக்கத்து ஊர் கிணற்றையும் சோதிக்க வேண்டும், புதிய குழாய்க்கு ஊராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செண்பகம் போனாள். ஊரில் யாரும் அவளை விரட்டவில்லை. யாரும் சொம்பில் தண்ணீர் கொடுக்கவும் இல்லை. மாதம்மாள் எதிரே வந்தால் பாதையின் மறு ஓரத்துக்கு மாறிக்கொள்வாள். மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். சொன்னது அவளிடம் இல்லை, பௌசியாவிடம்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பௌசியா ஆய்வகத்தில் அவளருகே வந்து நின்றார்.

"பாறைக்குப் போறியா?"

"இல்ல மேடம். விட்டுட்டேன்."

"எப்போதிருந்து?"

"அன்னையிலிருந்து. கயிறு, ஷூ எல்லாத்தையும் ஒருத்தர்கிட்டக் கொடுத்துட்டேன்."

"ஏன்?"

"அதனாலதானே இவ்வளவும். அங்க போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

பௌசியா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை விட்டதுல பொன்னன்கொட்டாய்க்கு என்ன கிடைச்சுது?"

செண்பகம் யோசித்தாள். "ஒண்ணும் கிடைக்கலை."

"உனக்கு?"

அவள் கையிலிருந்த சோதனைக் குழாயைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"ம். போய்க் கயித்தை வாங்கிட்டு வா" என்றார் பௌசியா. "காலையில பாறைக்குப் போ. ஒன்பது மணிக்குப் பம்புக்குப் போ."

செண்பகம் சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

"இப்படி மனசு கூசுறது எப்ப மேடம் போகும்? அந்த ஊர் எல்லையிலேயே ஆரம்பிச்சிடுது. யார் முகத்தையும் பார்க்க முடியலை."

"பம்புகிட்ட நிக்கும்போதும் இருக்கா?"

"அப்பதான் ரொம்ப இருக்கு."

"அப்ப பாட்டிலை எப்படி நிரப்புறே?"

"மூணு தடவை கழுவி நிரப்புறேன். எழுதின நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்."

பௌசியா எழுந்து ஸ்டூலை மேசைக்கடியில் தள்ளினார்.

"அப்போ அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.