அண்ணாச்சி கொடுத்த வண்டி

“அம்மா, சொரிமுத்துவ இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்லன்னா நான் போயிருதேன்.”

கோமதிநாயகம் அண்ணாச்சி இப்படி வந்து நின்றபோது பூரணியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

இலஞ்சிக்கு மேற்கே, வயலுக்கு நடுவே இருக்கிற சின்ன மடம் அது. பூரணியம்மாள்தான் அங்கே குரு. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. காவி கட்டுமுன் பால் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். அண்ணாச்சி சீடர். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தென்காசியில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். யாருக்கும் அது உறுத்தியதில்லை.

கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர், தன் காரையும் தை மாதத்தில் மடத்துக்கே கொடுத்துவிட்டார். காலால் கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் தானே மாறிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டி. இப்போது அதில்தான் பீடி சுற்றும் வேலம்மாள் டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போய்வருகிறாள். ஓட்டுகிறவன் சொரிமுத்து. அவன் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

அவனைத்தான் அனுப்பச் சொல்கிறார்.

என்ன சங்கதி என்று பூரணியம்மாள் கேட்டார்.

வண்டியின் அடியில் ஒழுகுகிறது என்றார் அண்ணாச்சி. சந்தேகமே வேண்டாம், தன் பழைய வேட்டியை விரித்துப் பார்த்தாயிற்று. ஏசித் தண்ணீர் என்றால் நிறம் இருக்காது. எஞ்சின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். இது சிவப்பு. விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தும் பார்த்தார். கியர் எண்ணெய்தான். ஆயுசு முழுக்க எண்ணெயோடு புழங்கிய மனுஷன் சொன்னால் எதிர்த்துப் பேச முடியுமா?

“எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. இவன் கைக்கு வந்தபொறகுதான் இப்படி. மேடு பள்ளம் பாக்காம ஓட்டி, அடியில எதையோ ஒடைச்சுட்டான்.”

சொரிமுத்து வேப்ப மரத்தடியில் நின்றான். எல்லாம் காதில் விழுந்தது. நான் எங்கேயும் இடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான். 

கீரைத் தண்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்தார் பூரணியம்மாள். இன்று வேலம்மாளுக்கு ஆஸ்பத்திரி நாள் என்றார். வண்டி போகட்டும், அண்ணாச்சியும் கூடப் போகட்டும், தானும் வருகிறேன் என்றார்.

“அப்ப சொரிமுத்து?”

“அவர்தான் ஓட்டணும். வந்து பேசுவோம்.”

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டில் வேலம்மாள், பின்சீட்டில் குருவும் சீடரும். தன் வண்டியில் பின்சீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

வழி நெடுக அவர் பட்ட பாடு கொஞ்சமா? பள்ளம் வருமுன்னே முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். லாரியை முந்தும்போது வலது காலால் தரையை மிதித்தார். பள்ளம் எதிலும் வண்டி விழவில்லை. சொரிமுத்து வேலம்மாளுக்கு அலுங்காமல் குலுங்காமல் ஓட்டினான். அதைப் பார்க்க அண்ணாச்சிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்து, வேலம்மாளை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, மடத்துக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

சொரிமுத்து வண்டியை அணைக்கப் போனான். வேண்டாம் என்று பூரணியம்மாள் கையைக் காட்டினார். கியரைப் பார்க்கிங்கில் போட்டு, எஞ்சின் ஓடட்டும் என்றார்.

“இப்ப எண்ணெயப் பாருங்க அண்ணாச்சி.”

“இப்பவா? சூடா இருக்குமே.”

“சூட்டிலதான் பாக்கணும்.”

அண்ணாச்சி பானட்டைத் திறந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கியர் எண்ணெயின் அளவு காட்டும் குச்சியை உருவினார். துடைத்தார், உள்ளே விட்டார், மறுபடி உருவினார்.

உருவியவர் அப்படியே நின்றார்.

குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. வண்டி ஆறிக் கிடக்கும்போது எண்ணெய் நிற்க வேண்டியது கீழ்க் கோட்டில், சூடேறி ஓடும்போது மேல்கோட்டில். இப்போது எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி எங்கேயோ இருந்தது. அதுவும் நுரை நுரையாக.

பூரணியம்மாள் ஒரு டார்ச் லைட்டை நீட்டினார். அண்ணாச்சி குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கியர் பெட்டியின் அடிப்பாகத்தில் உடைசல் இல்லை, கீறல்கூட இல்லை. மேலே, காற்றுப் போக ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அதன் வாயைச் சுற்றித்தான் ஈரம். அங்கிருந்து வழிந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே இருக்க இடம் இல்லாத எண்ணெய் வேறு எந்த வழியாகப் போகும்?

“இவ்வளவு எப்படி வந்துது?” என்று கேட்டார் பூரணியம்மாள்.

அண்ணாச்சி குச்சியைத் திரும்பச் செருகினார்.

“நான்தான் ஊத்துதேன்.”

“எப்ப?”

“தெனமும் காலையில.”

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். விடிந்ததும் குளித்துத் திருநீறு பூசி, நேரே வண்டியிடம்தான் வருவாராம். ஸ்டார்ட் செய்த உடனே குச்சியை உருவிப் பார்ப்பாராம். எண்ணெய் மேல்கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். மனசு கேட்காது. கடை நடத்தின காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. கடை திறக்கும்போது எந்த எண்ணெய் ஏனமும் குறையாக இருக்கக் கூடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், எல்லாம் விளிம்பு வரை ததும்பினால்தான் முதல் வியாபாரத்துக்கே கை நீட்டுவார். அதே கையோடு இங்கேயும் ஊற்றினார். வண்டி வெளியே போய்ச் சூடேறும், எண்ணெய் பொங்கும், வழியும். வந்து நின்றதும் வேட்டியில் சிவப்புச் சொட்டு. அடடா, ஒழுகுகிறதே என்று பதறி, மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“உங்ககிட்ட இருந்தப்பவும் தெனம் பாப்பீங்களோ?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“அப்ப என்னத்துக்கு? என் வண்டிதான.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல முழித்தார்.

பூரணியம்மாள் எஞ்சினை அணைக்கச் சொன்னார். அப்புறம் உள்ளே போய்விட்டார், கீரைக்குத் தாளிக்க.

மிச்ச வேலையை அண்ணாச்சியே செய்தார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மெல்லிய குழாயைக் குச்சி போகிற வழியில் விட்டு, கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை வெளியே இழுத்தார். சொரிமுத்து டார்ச் பிடித்தான். மறுபடி வண்டியை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, குச்சியைப் பார்த்தார்கள். அதிகம் என்று இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். கடைசியில் எண்ணெய் மேல்கோட்டில் வந்து நின்றது. நுரையும் அடங்கியது.

வழிந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு வேட்டியை அடியில் விரித்தார்கள். இருவரும் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். ஒரு சொட்டும் விழவில்லை.

“தம்பி.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“உம் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தேன். எம் மேலதான் தப்பு.”

 சொரிமுத்துவுக்கும் வலித்திருக்கும், இல்லாமலா? வேட்டியின் ஓரத்தை நீவிவிட்டான்.

“காலையில இருந்து கையும் ஓடல, காலும் ஓடல அண்ணாச்சி. புள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டேதான் ஓட்டினேன்.”

அண்ணாச்சி அவன் தோளைத் தொட்டார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த பூரணியம்மாள் வாசலில் நின்றார்.

அண்ணாச்சி எழுந்தார். கையில் பாதி எண்ணெய் டின். மடியில் வண்டியின் மாற்றுச் சாவி. அது எப்போதும் அவர் மடியில்தான் இருக்கும்.

“நாளைக்கிக் காலையில நான் என்னம்மா செய்ய?”

பூரணியம்மாள் வேறொன்று கேட்டார்.

“அண்ணாச்சி, வண்டிய மடத்துக்கு எப்பக் குடுத்தீங்க?”

“தை மாசம்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

டின்னைச் சொரிமுத்துவிடம் கொடுத்தார். மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்து அதையும் அவன் கையில் வைத்தார்.

“இப்பத்தாம்மா,” என்றார்.