இமயமலையில் பொங்கிய மாவு

கோவில்பட்டியில் மாவுக்கடை வைத்திருக்கும் கொம்பையா அதுவரை ஏறியிருந்த பெரிய உயரம், கடை போர்டை மாட்டுவதற்காக ஏறிய ஸ்டூல்தான். அந்த மனுஷன் மச்சினன் பேச்சைக் கேட்டு இமயமலைக்கு டிரெக்கிங் போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்து கடையைத் திறந்த மறுநாள் சாயங்காலம், தூக்குவாளியும் டிபன் பாக்ஸுமாக நாங்கள் வரிசையில் நின்றோம். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு ஆட்டி முடிய நேரமாகும். அவருக்கு அது போதாதா?

"எம்புட்டு உயரம்னு கேக்கீகளா?" என்று ஆரம்பித்தார்.

"யாரும் கேக்கலையே" என்றார் துரைப்பழம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் பனிக்குள் காவல் நின்ற மனிதர்.

"சும்மா இருங்க அண்ணாச்சி. நீங்க துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல நின்னவரு. நான் நடந்தவன். போய்க்கிட்டே இருக்கேன், தலையில என்னமோ இடிக்கி. நிமிந்து பாத்தா, வானவில்லு! குனிஞ்சு போயிட்டேன் பாத்துக்கிடுங்க. பின்னால வந்த மச்சினன் மாடசாமி நெட்டைப் பய. குனியத் தெரியல. சட்டையில ஏழு கலரும் அப்பிக்கிடுச்சு."

"அந்தச் சட்டையைக் காட்டும் வே" என்றார் துரைப்பழம்.

"அவன் போட்டுக்கிட்டு மதுரைக்குப் போயிட்டான்."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கொம்பையா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னும் மேல போனா காத்தே கிடையாது. இருக்கிற கொஞ்சக் காத்துக்கு நம்மூரு குழாயடி மாதிரி வரிசை. வழிகாட்டி பிரேம் சிங் விசில் அடிப்பாரு. முதல்ல மச்சினன் மூச்சு விடுவான், அப்புறம் நான். இடையில பூந்து ஒரு வடநாட்டு அம்மா ரெண்டு மூச்சு கூடுதலா இழுத்துட்டாக. நான் சண்டைக்குப் போயிட்டேன். சண்டை போடவும் மூச்சு வேணுமே? என் முறை வார வரைக்கும் முறைச்சுக்கிட்டே நின்னேன்."

லடாக் ஞாபகம் வந்ததோ என்னவோ, துரைப்பழமும் ஒரு மூச்சை ஆழமாக இழுத்து விட்டதை நான் பார்த்தேன்.

"குளிரைக் கேளுங்க. ஒரு இடத்துல உக்காந்து எந்திரிக்கேன், என் நிழல் எந்திரிக்க மாட்டேங்கு. பனியில ஒட்டிக்கிடுச்சு! தோசைக்கரண்டியை வச்சு ஓரத்துல நெம்பி, கிழியாம சுத்தி எடுத்தேன். நல்ல வேளை. மறுநாள் வெயிலும் பனியும் சேந்து கண்ணைப் பறிச்சப்ப, அந்த நிழலை விரிச்சுக் கட்டி அதுக்கடியிலதான் அம்புட்டுப் பேரும் சோறு தின்னோம்."

"மலைக்குத் தோசைக்கரண்டி எதுக்குக் கொண்டு போனீங்க?" என்று கேட்டார் ரோஸ்லின் டீச்சர். வரிசையில் முதலில் தூக்குவாளியோடு நின்றவர்.

"கரண்டி மட்டுமா டீச்சர்? ஒரு தூக்கு மாவும் கொண்டு போனேன். அங்க ரொட்டிதான் கிடைக்கும்னு மாடசாமி சொல்லியிருந்தான். அந்த மாவுதான் அவன் உசிரைக் காப்பாத்துச்சு. சிரிக்காதீக. இது சிரிக்கிற விசயமில்ல."

நிஜமாகவே அவர் குரல் இறங்கிவிட்டது. கிரைண்டரைக்கூட நிறுத்திவிட்டு வந்தார்.

"ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பிளவு. மேல பனி பாலம் மாதிரி உறைஞ்சு கிடக்கு. செல்பி எடுக்கேன்னு மாடசாமி முன்னால ஓடுதான். அவன் அக்கரையில கால் வைக்கவும் பாலம் பொலபொலன்னு உதுந்துட்டு. எம்புட்டு ஆழம்னு ஒரு கல்லை உருட்டி விட்டேன். இன்னும் சத்தம் வரல. விழுந்துக்கிட்டேதான் இருக்கு. அந்தப் பக்கம் இவன், 'அத்தான், அத்தான்'னு கதறுதான். பிரேம் சிங் தலையில கை வச்சு இந்தியில அழுதாரு. எனக்கு இந்தி தெரியாது, ஆனா அழுகை புரிஞ்சுது. இவனை விட்டுட்டுப் போனா இவன் அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இல்ல, அவதான் என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

"விட மாட்டா" என்றார் துரைப்பழம், தன்னை மறந்து.

"அப்பதான் முதுகுப் பையில என்னமோ தள்ளுது. பாத்தா, தூக்கோட மூடி தெறிச்சுக் கிடக்கு, மாவு பொங்குது! இங்கன காத்து மேல உக்காந்து அமுக்குதுல்லா? அதனால மாவு அளவாப் பொங்கும். அங்க அமுக்க ஆளில்ல. நிக்காமப் பொங்குது. தூக்கைப் பிளவுல கவுத்தேன். நுரைச்சுக்கிட்டு, புஸ்ஸுபுஸ்ஸுன்னு, பிளவு முழுக்க ரொம்பி, விளிம்புல வந்து நிக்கி."

"பச்சை மாவுல எப்படி வே நடக்கது?" துரைப்பழம் கை தட்டினார். "மாட்டிக்கிட்டீரா?"

"அடியில வெந்நீர் ஊத்து இருந்துச்சு அண்ணாச்சி. ஆவி குபுகுபுன்னு வருது."

துரைப்பழம் எங்கள் பக்கம் திரும்பி, வேண்டா வெறுப்பாகச் சொன்னார்: "வெந்நீர் ஊத்து அங்க உண்டு. அது மட்டும் நெசந்தான்."

"துணி?" என்றார் டீச்சர். "துணி போடாம இட்லி ஒட்டிக்கிடுமே?"

"மேகம் எதுக்கு டீச்சர் இருக்கு? அடியில ஒரு மேகத்தை இழுத்து விரிச்சுட்டுத்தானே ஊத்துனேன்! கால் மணி நேரத்துல ஒரே இட்லி. இந்த மலைக்கும் அந்த மலைக்கும் பூப் போல ஒரே இட்லி. குச்சி மாதிரி உறைஞ்சு தொங்குன பனியை ஒடிச்சு விட்டுக் குத்திப் பாத்தேன். ஒட்டல. 'வாடா மாப்பிள்ளை'ன்னு கத்துனேன். முழங்கால் வரைக்கும் புதையப் புதைய வாரான் பாத்துக்கிடுங்க. பாதி வழியில நின்னுட்டான். எனக்குப் பதறிப்போச்சு. குனிஞ்சு ஒரு பிடி பிச்சு வாயில போட்டுட்டுச் சொல்லுதான், 'அத்தான், உப்பு கம்மி!'"

வரிசையே குலுங்கியது. பின்னால் நின்ற ஒருவர் கையிலிருந்த டிபன் பாக்ஸ் உருண்டு ரோட்டுக்குப் போனது. துரைப்பழம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப அந்தப் பாலம் எங்க வே?"

"எங்க இருக்கும்? வாசனை பிடிச்சு அந்தப் பக்கத்துக் கிராமமே வந்து பிச்சுத் தின்னுட்டு. சடைமாடு ஒரு ஓரத்துல தின்னுது. கடைசியில பனி மனுசன் இறங்கி வந்தாரு. பனை மர உசரம், உடம்பெல்லாம் முடி. ஒரு பாறை அளவுக்குப் பிச்சு வாயில போட்டாரு. கண்ணை மூடினாரு. எல்லாரும் நடுங்கிப்போய் நிக்கோம். கண்ணைத் திறந்து, 'எந்தக் கடை மாவு?'ன்னு கேட்டாரு. விசிட்டிங் கார்டு குடுத்துட்டு வந்திருக்கேன்."

கொம்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அகப்பையை எடுத்தார். டீச்சர் முறை. தூக்குவாளியை நீட்டாமல் கேட்டார்:

"மலையையே ரொப்புன மாவுன்னு சொல்றீங்களே அண்ணாச்சி, நேத்து உங்க கடையில வாங்கிட்டுப் போன மாவு காலையில வரைக்கும் ஒரு இம்மிகூடப் பொங்கலையே. இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு."

கொம்பையா அசரவே இல்லை.

"அது மாவு குத்தமில்ல டீச்சர். நான்தான் சொன்னேன்லா, உயரம் வேணும். நீங்க கீழ் வீட்டுல குடியிருந்துக்கிட்டு மாவைக் குறை சொன்னா எப்படி? மேல் வீடா பாத்துக் குடி போங்க. அப்புறம் பாருங்க, எப்படிப் பொங்குதுன்னு."

"நான் இருக்கிறது மூணாவது மாடி" என்றார் டீச்சர்.