துறவியின் எதிருரை

வேலம்மையின் மடத்தில் யாரும் காசைக் கையால் தொடுவதில்லை. காலையில் மூன்று வீடுகளில் பிச்சை. கிடைத்ததைப் பங்கிட்டுச் சாப்பாடு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதுதான் நியமம். அதனால் கோர்ட்டுச் சிப்பந்தி வந்து ஓர் உறையை நீட்டியபோது, மடத்துப் பெண்கள் நன்கொடை என்று நினைத்து வேண்டாம் என்றார்கள்.

"வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா. இது சம்மன்."

சீடர் சிதம்பரதாணு வாங்கிப் படித்தார். அறுபத்திரண்டு வயது, குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். முன்சீப் கோர்ட்டில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வரியிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டது.

வேலம்மையின் தகப்பனார் செல்லையா இடுப்பெலும்பு முறிந்து, நினைவும் தப்பி, நாகர்கோவிலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கிடந்தார். சேர்த்தவர் மகன். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவரும் அவர்தான். மூன்று மாதம் பணம் கட்டினார். பிறகு வெளிநாட்டுக்குப் போய் போன் நம்பரை மாற்றிவிட்டார். இல்லத்திலிருந்து மடத்துக்கு ஆள் வந்தது. வேலம்மை போய், கட்டணத்துக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பின் செல்லையா பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். பாக்கி ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். அதைக் கேட்டு இல்லம் வேலம்மைமேல் வழக்குப் போட்டிருந்தது.

தாணு இரண்டு நாள் உட்கார்ந்து எதிருரை எழுதினார். எழுதி முடித்தபோது, வேலையை விட்டுப் பத்து நாள்கூட ஆகாததுபோல் இருந்தது அவருக்கு.

"தாயே, கேஸ் நிக்காது. முதல் பாராவிலேயே அடிச்சிட்டேன்."

"என்னன்னு?"

"'பிரதிவாதி துறவி. துறவு ஏற்ற அன்றே குடும்பத்துக்கு இறந்தவர். அவருக்குத் தகப்பன் இல்லை. மகள் என்று போட்ட கையெழுத்தும் செல்லாது.' துறவிக்குக் குடும்பச் சொத்துல பங்கு கிடையாது தாயே. பங்கு இல்லாதவங்களுக்குக் கடன் மட்டும் எங்கேருந்து வரும்?"

வேலம்மை சிரித்தார். "நீரு கெட்டிக்காரர்தான். மீதி?"

"மீதி வழக்கம்போல. 'பிராதின் இரண்டு முதல் ஆறு வரையுள்ள பாராக்களில் கண்ட சங்கதிகள் அனைத்தும் உண்மையல்ல.'"

"அதுல என்ன சங்கதி இருக்கு?"

"என்ன இருந்தா என்ன? எதிராளி எழுதினதை எல்லாம் உண்மையல்லன்னு போடுறதுதான் முறை. சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு எழுதியிருந்தாலும் மறுத்துட்டுத்தான் மறுவேலை."

"இருக்கட்டும். நாலாவது பாராவைப் படியும்."

தாணு கண்ணாடியை மாட்டினார்.

"'நோயாளியை நாள்தோறும் வெந்நீரில் துடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, கடைசி நாள் வரை ஒரு படுக்கைப்புண்கூட வராமல்...'"

வேலம்மை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை படியும்."

படித்தார்.

"புரட்டினது அந்த இல்லத்துல வேலை பாக்குற ரோஸ்லின். அந்த ஒல்லிப் பிள்ளை ஒத்தைக்கு நின்னு எங்க அப்பாவைப் புரட்டும். அவருக்கு ஆள் தெரியாது, அடிப்பாரு. 'இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு அடியும் தாத்தா'ன்னு சொல்லும். நான் கண்ணால பாத்திருக்கேன். சாகிற அன்னைக்கு அவர் முதுகு பச்சைப்பிள்ளை முதுகு மாதிரி இருந்துச்சு. அது உண்மையல்லன்னு எழுதி, கீழ நான் கையெழுத்துப் போடணுமா?"

தாணு தாளைப் பார்த்தார். "அப்போ அதை அடிச்சிருவோம். முதல் பாரா ஒண்ணு போதும் நமக்கு."

"அண்ணன் வீட்டை வாங்கிக்கிட்டு அப்பா இல்லைன்னான். நான் காவியை வாங்கிக்கிட்டுச் சொல்லணுமா?"

"நமக்கு எதிரா டிக்ரி ஆயிரும் தாயே. இந்த நாலு சென்ட் உங்க பேர்ல இருக்கு. மடம் ஏலத்துக்குப் போகும்."

"போகாம இருக்க வழி இருந்தா எழுதும். பொய் இல்லாம எழுதும்."

அன்று முழுக்க யோசித்து தாணு மூன்றே வரி எழுதினார். பிராதில் கண்டது உண்மை. பணம் இல்லை. தவணை வேண்டும். 'உண்மை' என்ற சொல்லை அந்த இடத்தில் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. பேனா இரண்டு முறை நின்றது.

கோர்ட்டில் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். முதல் கூப்பாட்டிலேயே வேலம்மை எழுந்து நடந்தார். இல்லத்து வக்கீல் சாட்சிக் காகிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். நீதிபதி எதிருரையைப் படித்துவிட்டு, நம்பாமல் பாராபாராவாகக் கேட்டார்.

"நீங்க காலஞ்சென்ற செல்லையாவோட மகள். ஒத்துக்கிறீங்களா?"

"ஆமா, உண்மை."

வக்கீல் கட்டை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டார். நாலாவது பாரா வந்தது.

"உண்மை. அதுல ரோஸ்லின்னு பேரைச் சேத்து எழுதிக்கணும் ஐயா."

"அது வழக்குக்குத் தேவையில்லம்மா."

"எனக்குத் தேவை."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

"ரெண்டாயிரம்."

"வருமானம்?"

"இன்னைக்கு இல்ல. திங்கக்கிழமையிலேருந்து உண்டு."

மாதம் இரண்டாயிரம். இரண்டு தவணை தவறினால் இடம் ஏலம். அப்படித் தீர்ப்பானது.

வெளியே வந்ததும் தாணு கேட்டார். "திங்கக்கிழமை என்ன தாயே?"

"அண்டியாபீஸ். முந்திரிக்கொட்டைக்குத் தோல் உரிக்க ஆள் கேட்டிருக்காங்க."

தாணு நடையை நிறுத்தினார். "எதுக்கு? ஊருல ஒரு வார்த்தை கேட்டா ஆளுக்கு நூறு குடுக்க மாட்டாங்களா?"

"பிச்சை வயித்துக்கு. அப்பா கணக்குக்கு இல்ல."

"காசைத் தொடாத கை. நியமம் உடைஞ்சிருமே!"

"அதை உண்டாக்கினது நான்தானே. உடையட்டும்."

"ஏழு வருஷம் தாயே!"

"கணக்கும் வேகமாப் போடுறீரு."

அவர் விடவில்லை. "காவியைக் கட்டிக்கிட்டு, கையில தூக்குவாளியோட, விடிஞ்சதும் அண்டியாபீஸ் பொண்ணுங்க கூட்டத்தோட கூட்டமா நீங்க நடந்து போனா ஊர் என்ன சொல்லும்?"

வேலம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"செல்லையாவுக்க மவ வேலைக்குப் போறான்னு சொல்லும்."