தோளில் போட்ட கால்சட்டை

ஸ்காட்லாந்துன்னு ஒரு குளிர் நாடு. அங்கே மேகம் தரையை விட்டு எழுந்திருக்கவே மனசில்லாத ஒரு மலை ஊர்ல, டூகல்னு ஒரு மாட்டுக்காரன் இருந்தான். பெண்டாட்டி பேரு மோராக்.

டூகலுக்குச் சொத்துன்னு இருந்தது ஒரே ஒரு துணி. பாசியிலயும் மரப்பட்டையிலயும் சாயம் காய்ச்சி மோராக் நெய்து கொடுத்த கட்டம் போட்ட கம்பளித் துணி. கட்டம்னதும் கைலின்னு நெனச்சுடாதீங்க. நீளத்துல நாலு கைலி அதுக்குள்ள அடங்கும், கனத்துல ஒரு கன்னுக்குட்டி. அதைக் கட்டிக்கிறதே ஒரு கூத்து. தரையில இடுப்புவாரை வெச்சு, அது மேலே துணியை விரிச்சு, கொசுவம் கொசுவமா மடிச்சு, அப்புறம் அது மேலே மல்லாந்து படுத்து, ரெண்டு பக்கமும் இழுத்து மூடி, வாரை மாட்டிக்கிட்டு எழுந்திருப்பான். நாமெல்லாம் எழுந்து உடுத்துவோம், அவன் உடுத்துறதுக்குப் படுப்பான். கீழ்ப்பாதி முழங்கால் வரைக்கும் பாவாடை மாதிரி நிக்கும், மேல்பாதி தோள்ல கெடக்கும். மழை வந்தா அதுவே குடை, காத்தடிச்சா அதுவே வீடு, கண்ணயர்ந்தா அதுவே படுக்கை.

என்னது, உள்ளே என்ன போட்டிருந்தானா? அந்தக் கேள்விக்கு அந்த நாட்டுல யாரும் நேரா பதில் சொல்றதில்லை. பேசாம கதையைக் கேளு.

அந்த நாட்டு ராஜா சமவெளிக்காரன். வீட்டையே இடுப்புல சுத்திக்கிட்டுத் திரியுற மலைக்காரனை எந்த வீட்டுல போய்ப் பிடிக்கிறதுன்னு அவனுக்கு ஒரே பயம். அதனால ஒரு சட்டம் கொண்டுவந்தான்: ‘என் ராஜ்யத்துல ஆம்பளைன்னு பொறந்தவன் எவனா இருந்தாலும் கால்சட்டை போடணும். போடாதவனைக் கப்பலேத்திக் கண்காணாத தீவுல எறக்கணும்.’ கால்சட்டை வந்துட்டா கட்டத்துணி தானா போயிடும்னு அவன் நெனப்பு.

டூகல் பெண்டாட்டிகிட்ட ஓடினான். "இந்தத் துணி இல்லாம மேய்ச்சலுக்குப் போனா வெறைச்சே செத்துடுவேன். கட்டிக்கிட்டுப் போனா கப்பல். என்னடி பண்றது?"

"சட்டத்தை இன்னொரு தரம் சொல்லுங்க"ன்னா மோராக். சொன்னான். "போடணும், அவ்வளவுதானே? போடுங்க"ன்னு, பழைய சாக்குல ஒரு கால்சட்டை தைச்சுக் குடுத்தா.

ராஜாவோட தளபதி வந்தான். சட்டத்துல ஒரு புள்ளி போனாலும் அவனுக்கு உசுரு போன மாதிரி.

"டேய், கால்சட்டை எங்கேடா?"

"தோள்ல போட்டிருக்கேனே ஐயா. போடணும்னுதானே சட்டம்? எங்கே போடணும்னு இல்லையே."

தளபதி சட்டத்தைப் படிச்சுப் பார்த்தான். ஆமா, இல்லை. போய் ராஜாகிட்ட சொன்னான். ராஜா பல்லைக் கடிச்சுக்கிட்டு, ‘காலில் போடணும்’னு திருத்தி முத்திரை குத்தினான்.

தளபதி மறுபடி வந்தான். கால்சட்டை பசுவோட பின்னங்கால்ல இருந்துச்சு. பசு வெக்கப்பட்டு நின்னுச்சு.

"அது மாட்டுக் காலுடா!"

"மாட்டுக்கு இருக்கிறதும் கால்தானே ஐயா? கை இல்லையே."

திரும்பிப் போனான். ‘தன் சொந்தக் காலில் போடணும்’னு திருத்தம் வந்துச்சு.

அப்புறமும் வந்தான். டூகல் ரெண்டு பாதத்து மேலயும் கால்சட்டை நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கெடந்துச்சு. "என் கால்தான், போட்டுத்தான் இருக்கேன்"னான் டூகல்.

ராஜா கொதிச்சுப் போயிட்டான். ‘இடுப்பு வரைக்கும் ஏத்திப் போடணும், நானே ஆனாலும் சரி!’ன்னு எழுதி, முத்திரையைக் குத்தி, அதைத் தன் கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டு, தளபதியோட தானே கிளம்பினான். சேதி கேட்ட மோராக், "இதுல ஓட்டை இல்லைங்க"ன்னு தலையில கைவெச்சு உக்காந்துட்டா.

வர்ற வழியில ஆறு. பாலம் இல்லை. இறங்கி ஏறினதுல ராஜாவோட கால்சட்டை தொப்பலா நனைஞ்சு, மலைக்காத்துல அப்படியே பலகையா உறைஞ்சு போச்சு. முழங்கால் மடங்காம, பொய்க்கால் கட்டையில நடக்குறவன் மாதிரி வந்து நின்னான்.

"பி… பி… பிடி அவனை!"

"மகாராஜா, அதைக் கழட்டலைன்னா காலைக் கழட்ட வேண்டியிருக்கும்"னா மோராக்.

பசுவுக்குப் பின்னால போய்க் கழட்டினான். கால்சட்டை தனியா நின்னுச்சு, ராஜாதான் விழுந்தான்.

மோராக்குக்கு மனசு கேக்கலை. டூகலோட துணியை அவுத்து, கத்திரியால ரெண்டாக்கி, ஒரு பாதியை ராஜாவுக்குக் குடுத்தா. மிச்சப் பாதியைப் புருஷன் தோள்ல போத்திவிட்டு, "நீங்க பாதத்துல கெடக்குற கால்சட்டையை ஏத்துங்க"ன்னா. டூகல் ஆயுசுல முதல் தடவையா ஏத்தினான், இடுப்பு வரைக்கும்.

"படுங்க மகாராஜா, இதைப் படுத்துத்தான் கட்டணும்"னா மோராக். மாட்டுக்காரன் காலடியில ராஜா மல்லாந்து படுத்தான், கட்டிக்கிட்டான், எழுந்தான். "அட, காத்தோட்டமா இருக்கே!"ன்னான். சூடு ஏறினதும் கோபமும் ஏறிச்சு. "தளபதி, இவனைக் கப்பலேத்து!"

தளபதி டூகலைப் பார்த்தான். ராஜாவைப் பார்த்தான். சட்டத்தைப் பார்த்தான். "மகாராஜா, அவன் போட்டிருக்கான். நீங்கதான் போடலை."

"தோள்ல போட்டுக்கிறேன்!"

"அதைத் திருத்திட்டீங்க."

"மாட்டுக் கால்ல?"

"திருத்திட்டீங்க."

"என் பாதத்து மேலே?"

"அதையும்."

"சட்டமே ரத்து! முத்திரை என் கால்சட்டைப் பையில இருக்கு, எடுத்துட்டு வா!"

திரும்பிப் பார்த்தா, வெறைச்சு நின்ன கால்சட்டை, காத்து தள்ளத் தள்ள, மெல்ல மெல்ல நடந்து போய் ஆத்துல எறங்கிப் போயிட்டிருந்துச்சு. பிடிக்க ஓடினாங்க. அது ராஜாவை விட நல்லா நீந்திச்சு.

முத்திரை குத்தாம ரத்தும் செல்லாது. அப்புறமென்ன, தளபதி அழுதுக்கிட்டே ராஜாவைக் கப்பலேத்தினான். அந்தத் தீவுல வெயில் நெருப்பா கொட்டும். இருக்கிற ஒரே துணி கம்பளி. அவுக்கவும் முடியாது, சொறியாம இருக்கவும் முடியாது. யாராவது என்ன இதுன்னு கேட்டா, "எங்க ராஜ பரம்பரை உடுப்பு"ம்பானாம்.

மோராக் டூகலுக்குப் புதுசா முழுத்துணி நெய்தா. ஆனா ராஜா கட்டின அரைத்துணின்னு ஊருக்குள்ள பேராகி, நேத்து வரைக்கும் மூக்கைச் சுளிச்ச சீமான்களெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டிக்க அவகிட்ட வந்து நின்னாங்க. ஒருத்தர் சிவப்புக் கட்டத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "இது எங்க முப்பாட்டன் போர்ல கட்டின குடும்பக் கட்டம்"னு உருகினாராம். "இருக்கும்யா, செவ்வாய்க்கிழமைதான் நெய்தேன்"னாளாம் மோராக்.

அடுத்தவன் இடுப்புக்குச் சட்டம் போடுறவன் தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். கதை அவ்வளவுதான், கண்ணை மூடுறவங்க மூடுங்க, சிரிக்கிறவங்க தலையணைக்குள்ள சிரிங்க.