வாசல் வெளிச்சத்துக்கு வந்த பெட்டி

கடைக்காரர் தானாகக் கூப்பிட்டு ரோஸ்மில்க் கொடுத்தால் உங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? சமையல்காரி செல்லக்கிளிக்கு வந்தது.

ரைஸ்மில் வடிவாம்பாள் மாடியில் ஹோம் தியேட்டர் கட்டியிருந்தார். அதற்குப் படத்தட்டு ஓட்டும் ப்ளூ-ரே பிளேயர் வாங்கத் தம்பி கோதண்டத்தோடு கடைக்கு வந்தார். பை தூக்கச் செல்லக்கிளியும் வந்தாள்.

கடையில் இரண்டு பிளேயர் பெட்டிகளைத் தனித்தனி டிவியில் மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டு டிவியிலும் ஒரே படம் ஓடியது.

"அக்கா, வலதுபக்கம் விலைகூடின பெட்டி. படம் கண்ணாடி மாதிரி இருக்கு! இடதுபக்கம் மலிவுப் பெட்டி, வெறும் கஞ்சித்தண்ணி" என்றான் கோதண்டம்.

"டிவி ரெண்டும் ஒண்ணுதானாண்ணே? வித்தியாசம் பெட்டியிலயா, டிவியிலயா?" என்றாள் செல்லக்கிளி.

"குழம்பு கிண்டுறவளுக்கு என்னடி தெரியும்? பெட்டி ரெண்டும் ஒண்ணுன்னு காட்டு பார்ப்போம். முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

சொல்லிவிட்டு, கடைக்காரர் கூப்பிட்ட குரலுக்கு ரோஸ்மில்க் குடிக்க அவர் அறைக்குள் போனான்.

"அம்மா, கடை விளக்கை நம்பியா சேலை எடுக்கிறோம்? வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தானே பார்க்கிறோம்? இந்தப் பெட்டி ரெண்டையும் இடம் மாத்தச் சொல்லுங்க" என்றாள் செல்லக்கிளி வடிவாம்பாளிடம்.

அம்மா சொன்னார். கடை ஆள் திருதிருவென்று முழித்தபடி மாற்றி வைத்தான்.

திரும்பி வந்த கோதண்டம் மறுபடியும் வலதுபக்கமே கையை நீட்டினான். "பார்த்தீங்களாக்கா? படம்னா இது!"

"அதுல இப்ப ஓடுறது உங்க கஞ்சித்தண்ணிப் பெட்டிண்ணே. பளபளப்பெல்லாம் டிவியோடது."

கோதண்டத்தின் மீசையில் ரோஸ்மில்க் நுரை அப்படியே நின்றது. வடிவாம்பாள் மலிவுப் பெட்டிக்கே பில் போடச் சொன்னார். காரில் ஏறியதும் செல்லக்கிளியின் காதருகே குனிந்தார்.

"என் பணத்துல தம்பி எடுத்துட்டு வந்த பட்டுச்சேலை ஒண்ணு பீரோவுல இருக்கு. அதையும் கொஞ்சம் வாசல் வெளிச்சத்துல பார்த்துச் சொல்லுடி."